ராஜ் கபூர்: சேர்த்ததும் செலவழித்ததும்

செம்பூரில் சில வருஷங்களாவது குடியிருந்த நம் அங்கத்தினர்கள் சயான்–டிராம்பே சாலையில் இருந்த ஆர்.கே. ஸ்டூடியோவை மறந்திருக்க மாட்டார்கள். கணபதி உத்சவமும் ஹோலிப் பண்டிகையும் அங்கே கொண்டாடப்பட்ட விதம் பம்பாய் முழுவதும் பிரசித்தம். இன்று அந்த ஸ்டூடியோ இல்லை. 2017 செப்டம்பர் 16-ஆம் தேதி நடந்த தீ விபத்தில் பழைய உடைகளும் நினைவுப் பொருள்களும் சாம்பலாயின. மறு வருஷமே விற்று விடுவதென்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். 2019-ல் கோத்ரெஜ் ப்ராபர்டீஸ் நிறுவனம் அந்த இரண்டு ஏக்கர் சொச்சம் நிலத்தை வாங்கியது. தேவ்னாரில் ராஜ் கபூர் வாழ்ந்த பங்களாவும் 2023-ல் அதே நிறுவனத்தின் வசமாயிற்று.

அவ்வளவு பெரிய நடிகர், கோடிக்கணக்கில் வசூலான படங்களை எடுத்தவர், அவருடைய ஸ்டூடியோவையே வாரிசுகளால் காப்பாற்ற முடியவில்லையா என்று பலர் கேட்டார்கள். அவர் எப்படிச் சம்பாதித்தார், சம்பாதித்ததை என்ன செய்தார் என்று பார்த்தால் விடை தெரியும்.

பெஷாவரிலிருந்து பம்பாய்க்கு

ராஜ் கபூர் 1924 டிசம்பர் 14-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள பெஷாவரில் பிறந்தார். தகப்பனார் பிருத்விராஜ் கபூர். தாயார் ராம்சரணி. பாட்டனார் பஷேஷ்வர்நாத் அந்த ஊரில் செல்வாக்குள்ளவர். கிஸ்ஸா கவானி பஜாரில் அவர் கட்டிய பெரிய மாளிகையில்தான் பேரன் பிறந்தான். நாடகத்திலும் சினிமாவிலும் இருந்த மோகத்தால் பிருத்விராஜ் 1920-களின் கடைசியில் பம்பாய் வந்து சேர்ந்தார். பேசும் படம் வந்த பிறகு அவருடைய கம்பீரமான குரலும் தோற்றமும் அவரை முதல் வரிசை நடிகராக்கின.

மூத்த மகன் ராஜுக்குப் படிப்பு ஏறவில்லை. மெட்ரிகுலேஷனில் தேறாத பையன், சினிமாவில்தான் சேருவேன் என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா தடுக்கவும் இல்லை, சிபாரிசு செய்து கதாநாயகனாக்கவும் இல்லை. அடிமட்டத்திலிருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று டைரக்டர் கேதார் சர்மாவிடம் உதவியாளாகச் சேர்த்து விட்டார். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் கிளாப் பலகையைத் தட்டுவது அவன் வேலை. ஒரு நாள் பலகை ஒரு நடிகரின் ஒட்டுத் தாடியில் சிக்கித் தாடி கழன்று வர, சர்மா கன்னத்தில் அறைந்தார் என்பது சினிமா உலகில் பிரசித்தமான கதை. அறைந்த அதே சர்மாதான் 1947-ல் வெளியான ‘நீல் கமல்’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். ஜோடி மதுபாலா.

இதற்கிடையே 1944-ல் பிருத்விராஜ் ஆரம்பித்த பிருத்வி தியேட்டர்ஸ் நாடகக் குழுவிலும் ராஜ் வேலை பார்த்தார். மேடை, விளக்கு, செட், சங்கீதம் என்று எல்லாவற்றிலும் அங்கே பயிற்சி கிடைத்தது. பிற்காலத்தில் அவருக்குத் துணை நின்ற சங்கர்–ஜெய்கிஷன் இருவரும் அந்தக் குழுவின் வாத்தியக்காரர்களே. 1946-ல் கிருஷ்ணா மல்ஹோத்ராவுடன் விவாகம் நடந்தது. ரண்தீர், ரிது, ரிஷி, ரீமா, ராஜீவ் என்று ஐந்து குழந்தைகள்.

முதலாளி ஆன இளைஞர்

நடிகராக நாலு படம் ஓடி, கையில் காசு சேர்ந்த பின்பு படம் எடுப்பவர்கள் உண்டு. ராஜ் கபூர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 1948-ல் ‘ஆக்’ படத்தைத் தாமே தயாரித்து, டைரக்ட் செய்து, நடித்தும் வெளியிட்டபோது அவருக்கு வயது 23. படம் பிரமாதமாக ஓடவில்லை. அடுத்த வருஷமே ‘பர்சாத்’ வந்தது. சங்கர்–ஜெய்கிஷனுக்கு அதுதான் முதல் படம். பாட்டு எழுதிய ஹஸ்ரத் ஜெய்ப்பூரி பஸ் கண்டக்டராக இருந்தவர். சைலேந்திரா ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லதா மங்கேஷ்கரின் குரல் தேசமெங்கும் பரவியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கையில் கதாநாயகியும் மறு கையில் வயலினுமாக நாயகன் நிற்கும் காட்சியே ஆர்.கே. பிலிம்ஸின் நிரந்தரச் சின்னமாயிற்று.

‘பர்சாத்’ வெற்றிக்குப் பின் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த செம்பூரில் ஸ்டூடியோ எழுந்தது. வெளியார் படங்களில் நடித்து வாங்கும் சம்பளமும், தம் படங்களில் வரும் லாபமும் அந்த ஸ்டூடியோவுக்கும் அடுத்த படத்துக்குமே போய்ச் சேர்ந்தன. கடைசி வரை இந்த வழக்கம் மாறவில்லை.

ஆவாரா

1951-ல் வந்த ‘ஆவாரா’ அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. கதை கே.ஏ. அப்பாஸ் எழுதியது. நல்லவன் மகன் நல்லவன், திருடன் மகன் திருடன் என்று நம்பும் ஒரு நீதிபதி. அவருடைய சொந்த மகனே சேரியில் வளர்ந்து திருடனாகிறான். பிறப்பா, வளர்ப்பா என்ற கேள்வியை ஒரு ஜனரஞ்சகப் படத்தில் வைத்தார்கள். நீதிபதியாக நடித்தவர் நிஜத் தகப்பனார் பிருத்விராஜ். பாட்டனார் பஷேஷ்வர்நாத்தும் ஒரு காட்சியில் நீதிபதியாக வருகிறார். படத்தில் வரும் கனவுக் காட்சிக்கு மட்டும் மாதக் கணக்கில் படப்பிடிப்பு நடந்தது. ஒளிப்பதிவாளர் ராது கர்மாகர் இந்தப் படத்தில் சேர்ந்தவர். கடைசிப் படம் வரை கூடவே இருந்தார்.

1954-ல் சோவியத் நாட்டில் ‘ஆவாரா’ திரையிடப்பட்டபோது 6 கோடிக்கும் மேல் டிக்கெட்டுகள் விற்றன. யுத்தத்தில் வீடு வாசலை இழந்து மீண்டு கொண்டிருந்த ஜனங்களுக்குக் கிழிந்த கோட்டுடன் பாடிக்கொண்டே வரும் ஏழையைப் பிடித்துப் போயிற்று. ஆனால் அங்கே வெளிநாட்டுப் படங்களை அரசு நிறுவனம் மொத்த விலை பேசி வாங்குவதுதான் வழக்கம். ஆகையால் அந்தக் கோடிகள் புகழாக வந்த அளவுக்குப் பணமாக வரவில்லை.

நம் பக்கத்திலும் அவர் அந்நியராக இருக்கவில்லை. 1953-ல் வந்த ‘ஆஹ்’ தமிழில் ‘அவன்’ என்ற பெயரில் வெளியாகி, ஏ.எம். ராஜா, ஜிக்கி பாடிய பாட்டுகளால் வீடுதோறும் ஒலித்தது. ஏவி.எம். நிறுவனத்தின் ‘சோரி சோரி’யில் (1956) அவரும் நர்கிஸும் நடித்தார்கள். ‘கல்யாண பரிசு’ ஹிந்தியில் ‘நஸ்ரானா’வாக 1961-ல் வந்தபோது, ஸ்ரீதரின் டைரக்‌ஷனில் ராஜ் கபூர் நடித்தார். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆர்.கே. படங்களின் கதாநாயகிகளானது எல்லோரும் அறிந்ததே.

வீடும் வெளியும்

‘ஸ்ரீ 420’ (1955), ‘ஜாக்தே ரஹோ’ (1956) என்று வெற்றியும் கௌரவமும் தொடர்ந்தன. ‘ஜாக்தே ரஹோ’ 1957-ல் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. அதுவே நர்கிஸுடன் அவர் நடித்த கடைசிப் படம். பதினைந்துக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்த அவர்களுடைய நெருக்கம் ஊரறிந்தது. அதனால் வீட்டில் இருந்த மனைவி பட்ட வேதனையை யாரும் நியாயப்படுத்த முடியாது. நர்கிஸ் விலகிச் சென்று 1958-ல் சுனில் தத்தை மணந்துகொண்டு கௌரவமான வாழ்க்கை நடத்தினார். கிருஷ்ணா கபூர் குடும்பம் சிதறாமல் பார்த்துக் கொண்டார். கணவரின் புகழிலும் கடனிலும் குடிப்பழக்கத்திலும் நிதானம் இழக்காதிருந்த அந்த அம்மாள் 2018 அக்டோபர் 1-ஆம் தேதி காலமானார்.

1964-ல் ‘சங்கம்’ வந்தது. ஆர்.கே. பிலிம்ஸின் முதல் வண்ணப் படம். ஐரோப்பாவுக்குச் சென்று படம் பிடித்தார்கள். நான்கு மணி நேரத்தை நெருங்கும் நீளம், இரண்டு இடைவேளை. அத்தனையையும் மீறிப் படம் அமோகமாக ஓடியது. நீளம், செலவு, கால தாமதம் எதுவும் தம்மை ஒன்றும் செய்யாது என்ற தைரியத்தை இந்த வெற்றிதான் அவருக்குக் கொடுத்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

சைலேந்திராவின் கதி

இந்தச் சமயத்தில் அவர் கண்ணெதிரிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. கவிஞர் சைலேந்திரா, பணீஸ்வர்நாத் ரேணுவின் ஒரு சிறுகதையில் மனத்தைப் பறிகொடுத்து, ‘தீஸ்ரி கசம்’ என்ற படத்தைச் சொந்தமாகத் தயாரித்தார். மாட்டு வண்டிக்காரனாக ராஜ் கபூர் மிக அடக்கமாக நடித்த படம் அது. வருஷக் கணக்கில் தயாரிப்பு நீண்டு, 1966-ல் வெளியாகி, வசூலில் தோற்றது. கடன் சுமையும் மன வேதனையும் சேர்ந்து சைலேந்திராவின் உடம்பைக் கெடுத்தன. 1966 டிசம்பர் 14-ஆம் தேதி, ராஜ் கபூரின் பிறந்த நாளன்றே, 43-ஆம் வயதில் அவர் காலமானார். சிறந்த படத்துக்கான ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பிறகு வந்தது. ஒரு படம் ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்று ராஜ் கபூருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவரும் அதே பாதையில்தான் நடந்து கொண்டிருந்தார்.

ஜோக்கர்

‘மேரா நாம் ஜோக்கர்’ தயாராக ஏறக்குறைய ஆறு வருஷம் ஆயிற்று. தன் துக்கத்தை மறைத்துப் பிறரைச் சிரிக்க வைக்கும் ஒரு சர்க்கஸ் கோமாளியின் கதை. மூன்று பாகம், மூன்று பெண்கள். சோவியத் நாட்டிலிருந்து சர்க்கஸ் கலைஞர்களும், க்ஸேனியா ரியாபின்கினா என்ற பாலே நடனக்காரியும் வந்தார்கள். சொந்தப் பணம் போதாமல் கடன் வாங்கினார். ஸ்டூடியோவை அடமானம் வைத்தார்.

சினிமாக் கடனின் கணக்கை நம் வீட்டு லோன் கணக்கோடு ஒப்பிடக்கூடாது. பைனான்ஸியரின் வட்டி மிக அதிகம். படம் ஒரு வருஷம் தள்ளினால் ஒரு வருஷ வட்டி செலவில் ஏறும். ஆறு வருஷம் இழுத்தால் வட்டியே இன்னொரு படத்தின் செலவாகி விடும். அத்துடன், தினம் நான்கு காட்சி நடத்தும் தியேட்டரில் நான்கேகால் மணி நேரப் படத்துக்கு அத்தனை காட்சி நடத்த முடியாது. அரங்கு நிறைந்தாலும் வசூல் குறைவாகத்தான் இருக்கும். 1970 டிசம்பரில் வெளியான ‘ஜோக்கரு’க்கு அரங்கும் நிறையவில்லை. பட்ட நஷ்டம் அவருடையது மட்டுமல்ல. அவர் பெயரை நம்பிப் படத்தை வாங்கிய விநியோகஸ்தர்களுக்கும் அது நஷ்டமே.

துக்கங்களும் சேர்ந்து வந்தன. 1971 செப்டம்பரில் ஜெய்கிஷன் காலமானார். 1972 மே 29-ஆம் தேதி பிருத்விராஜ் காலமானார். சில நாட்களிலேயே தாயாரும் போனார். ராஜ் கபூருக்கு வயது 47. கதாநாயகனாக நடித்துச் சம்பாதிக்கும் காலமும் கடந்து விட்டது.

மீண்டு வந்த கதை

பிரபல நட்சத்திரங்களைப் போடப் பணம் இல்லை. ஆகவே தம் மகன் ரிஷியையும், டிம்பிள் கபாடியா என்ற பதினாறு வயதுப் பெண்ணையும் வைத்து ‘பாபி’ எடுத்தார். ‘ஜோக்கரி’ல் சிறு பையனாக நடித்துத் தேசிய விருது வாங்கிய அதே ரிஷிதான் கதாநாயகன். இசை லக்ஷ்மிகாந்த்–பியாரேலால். 1973-ல் வெளியான ‘பாபி’ நாடெங்கும் இளைஞர்களைப் பித்தாக்கியது. கடன் அடைந்தது, ஸ்டூடியோ தப்பியது.

வேறொருவராக இருந்தால் இத்தோடு போதும் என்று மிச்சத்தைப் பத்திரப்படுத்தியிருப்பார். ராஜ் கபூர் மறுபடியும் எல்லாவற்றையும் படத்திலேயே போட்டார். ‘சத்யம் சிவம் சுந்தரம்’ (1978), விதவை மறுமணத்தைப் பேசிய ‘ப்ரேம் ரோக்’ (1982), ‘ராம் தேரி கங்கா மைலி’ (1985) என்று வரிசையாக வந்தன. பின்னாளைய படங்களில் பெண்களைக் காட்டிய விதம் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கக் கூச்சம் தருவது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘ப்ரேம் ரோக்’ போன்ற கதையைத் துணிந்து எடுத்தவருக்கு அந்தக் கவர்ச்சி அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தில்லியில் ஒரு மாலை

1987-ஆம் வருஷத்துக்கான தாதா சாஹேப் பால்கே விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 1988 மே 2-ஆம் தேதி தில்லி சிரி போர்ட் அரங்கில் விழா. நாள்பட்ட ஆஸ்துமா நோயாளியான அவருக்கு அங்கேயே மூச்சுத் திணறல் கண்டது. பெயர் அழைக்கப்பட்டபோது மேடைக்குப் போக முடியவில்லை. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் பட்டுக்கோட்டை அருகிலுள்ள ராஜாமடத்தில் பிறந்த நம் ஆர். வெங்கட்ராமன் அவர்கள். சம்பிரதாயத்தை ஒதுக்கி வைத்து, மேடையை விட்டு இறங்கி வந்து, ராஜ் கபூர் இருந்த இடத்திலேயே விருதை வழங்கினார். ஜனாதிபதியின் ஆம்புலன்ஸிலேயே அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஒரு மாதம் போராடி, 1988 ஜூன் 2-ஆம் தேதி, 63-ஆம் வயதில் காலமானார். அவர் ஆரம்பித்திருந்த ‘ஹென்னா’வை மூத்த மகன் ரண்தீர் முடித்து 1991-ல் வெளியிட்டார். 1999-ல் ரிஷி டைரக்ட் செய்த படத்தோடு ஆர்.கே. பிலிம்ஸின் தயாரிப்புகள் நின்றன.

மிஞ்சியது என்ன?

மாதச் சம்பளமும் பிறகு பென்ஷனும் வாங்கிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு ராஜ் கபூரின் பணப் போக்கு பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மனைவி மக்கள் இருக்கும் மனிதன் தொழில் செய்யும் இடத்தையே அடகு வைத்துக் கனவு காணலாமா? கூடாது என்றே நான் சொல்வேன். ‘பாபி’ ஓடாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. சைலேந்திராவுக்கு ஒரு ‘பாபி’ வாய்க்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஸ்டூடியோ கட்டியது நிலத்தின் விலை ஏறும் என்பதற்காக அல்ல, படம் எடுப்பதற்காக. படம் எடுப்பது நின்ற பிறகு அது வெறும் நிலம். அதை விற்றதற்காக வாரிசுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை விட்டுப் போன பிறகும் கணக்கில் நிற்பவை அவருடைய படங்கள் மட்டுமே. அன்று ஸ்டூடியோவையே விழுங்கப் பார்த்த ‘ஜோக்கர்’ பிற்காலத்தில் மறுபடி திரையிடப்பட்டபோது ஓடியது. இன்று அவருடைய சிறந்த படம் அதுவே என்று சொல்பவர்களும் உண்டு.

2024 டிசம்பரில் அவருடைய நூற்றாண்டு வந்தபோது 40 நகரங்களில் அவர் படங்களைத் திரையிட்டார்கள். டிக்கெட் 100 ரூபாய். நம் அங்கத்தினர்களில் சிலரும் தத்தம் ஊர்களில் போய்ப் பார்த்திருக்கக்கூடும். பார்க்காதவர்கள், பேரன் பேத்திகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘ஆவாரா’வையோ ‘தீஸ்ரி கசமை’யோ ஒரு தடவை பாருங்கள். அவர் பணமெல்லாம் எங்கே போயிற்று என்று அதிலேயே தெரியும்.