பூட்டு இருந்த இடம் அறிந்த அம்மையார்

கோட்டைப்பட்டினத்திலே பொதுக்கூட்டம். ஒலிபெருக்கியின் ஓசையில் பாதியைக் கடற்காற்று விழுங்கிவிட, மீதியை மக்கள் கேட்டுக் கொண்டிருந்தனர். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியதும், இடுப்பிலே குழந்தையோடு ஒரு தாய் எதிரே வந்து நின்றார். மீனவர் வீட்டுப் பெண். கையிலே மகப்பேறு உதவித் தொகைக்கான தாள். அதில் அச்சாகியிருந்த பெயரைக் காட்டி, யார் அண்ணே இந்த ரெட்டியம்மா, ஆந்திராவிலே மந்திரியாக இருந்தவங்களா என்று கேட்டார்.

சிரிப்பு வரவில்லை எனக்கு, வெட்கந்தான் வந்தது. உலகத்துத் தலைவர்களையெல்லாம் மேடைக்கு அழைத்து ஒன்றரை மணி நேரம் முழங்கியவன், அந்தக் கடற்கரையிலிருந்து அறந்தாங்கி வழியே வண்டி ஏறினால் பொழுதோடு போய்ச் சேரக்கூடிய ஊரிலே பிறந்த ஒருவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே! அந்தத் தாய்க்கு அன்று அவசரத்திலே சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஆந்திரம் அல்ல, தோழர்களே, புதுக்கோட்டை. 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி. ரெட்டி என்பது பின்னாளில் கணவர் பெயரோடு வந்து ஒட்டிக் கொண்டது. தந்தையார் நாராயணசாமி அய்யர். புதுக்கோட்டை மகாராசா கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த படிப்பாளி. தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த இசை வேளாளர் குலத்தவர். தந்தையின் குலம் இந்தப் பெண்ணைத் தன் பந்தியில் உட்கார வைக்காது. தாயின் குலத்தையோ ஊர் என்ன கண்ணோடு பார்த்தது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே, கையிலே ஒரு புத்தகத்தோடு நின்றாள் அந்தச் சிறுமி.

பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரிக்குப் போக வேண்டும் என்றாள். எழுந்தது பார் எதிர்ப்பு! ஆண்கள் படிக்கும் இடத்திலே பெண்ணா என்றனர். அதிலும் இன்ன குலத்துப் பெண்ணா என்றனர். எங்கள் பிள்ளைகளை நிறுத்திக் கொள்வோம் என்றனர். அப்போது சமஸ்தானத்தை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். மன்னர்களைப் போற்றுவது நம் வழக்கமல்ல. ஆயினும், வைதீகத்தின் கூச்சலைப் பொருட்படுத்தாமல் அந்தப் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கச் சொன்னாரே, உதவித் தொகையும் தந்தாரே, அதற்காக அவருக்கு ஒரு வணக்கம் கூறலாம். தவறில்லை.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் பட்டமும் பதக்கங்களும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலே முதல் பெண் உள்ளுறை மருத்துவர். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சரிநிகராக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்து, அவர் ஒப்புக் கொண்ட பிறகே நடந்த மணம். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான மணம் அது. அந்தச் சட்டத்திலே ஒரு வேடிக்கை உண்டு. அதன்படி மணம் செய்து கொள்பவர்கள், தாங்கள் இந்து மதத்தைச் சார்ந்தவரல்லர் என்று எழுத்திலே தர வேண்டும். சாதி கடந்து மணக்க அன்று அதுதான் சட்டம் திறந்து வைத்த வழி. சுயமரியாதைத் திருமணம் என்ற சொல்லே பிறவாத காலம்!

1923இல் தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சாவு அம்மையாரை விட்டு அகலவே இல்லை; அது பற்றிப் பின்னர். மேற்படிப்புக்காக 1925இல் இங்கிலாந்து சென்று திரும்பியவரைச் சென்னைச் சட்டமன்றம் அழைத்தது. 1926இல் நியமன உறுப்பினர். 1927 சனவரியிலே துணைத் தலைவர். பிரிட்டிசு இந்தியாவின் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் பெண் அவரே.

துணைத் தலைவர் நாற்காலி மெத்தென்றுதான் இருந்திருக்கும். சாய்ந்து கொள்ளவில்லை அம்மையார். தாயின் குலத்துப் பெண்களுக்குப் பூட்டியிருந்த விலங்கைக் கையிலே எடுத்துப் பார்த்தார். இங்கேதான் அவருடைய அறிவின் கூர்மை தெரிகிறது. பொட்டுக் கட்டுவது பாவம் என்று பேசியவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. அந்தக் கூடாரத்தைக் கட்டியிருந்த கயிறு எங்கே முளையடித்திருக்கிறது என்று தேடிக் கண்டவர் இவர். அது நிலத்திலே இருந்தது! கோயிலில் ஆடவும் பாடவும் ஆலத்தி எடுக்கவும் மானியமாக விட்ட நிலம். பணி செய்ய வீட்டிலே ஒருத்தி இருக்கும் வரை நிலம் அந்த வீட்டுக்கு. ஒருத்தியும் இல்லை என்றால் நிலம் கைவிட்டுப் போகும். பெற்ற மகளைத் தாயே பொட்டுக் கட்ட அழைத்துப் போனாளே, பக்தி முற்றியதாலா? அடுப்பு அணைந்துவிடுமே என்ற அச்சத்தாலும் அல்லவா!

1927 நவம்பரிலே, சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவதை ஒழிக்க வேண்டும் என்ற அவரது தீர்மானம் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. தீர்மானத்தால் உலை கொதிக்குமா? அடுத்து, இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டு வந்தார். மானிய நிலத்தைக் கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்து, ஒரு வரி மட்டும் விதித்து, அனுபவித்து வந்த பெண்ணுக்கே உரிமையாக்குவது. 1929இல் அது சட்டமாயிற்று. இனிக் கோயிலுக்குப் போக மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் அவள் வயலை யாரும் பிடுங்க முடியாது. புண்ணியம் பாவம் என்று ஒரு வரி பேசாமல், பட்டா நிலத்தைக் கொண்டே பூட்டைத் திறந்த சட்டம் அது.

1930 தொடக்கத்திலே, பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை முன்வைத்தார். சாத்திரம் போகிறது என்றனர் சனாதனிகள். கலை போகிறது என்றனர் கனவான்கள். காங்கிரசின் நாவன்மை மிக்க சத்தியமூர்த்தியும் எதிரணியில் நின்றார். அம்மையார் நம் முகாமைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் பெரியாரின் குடி அரசு ஏடு அவர் முயற்சிக்குத் துணை நின்றது.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த்தவர்களிலே தேவதாசியரும் இருந்தனர். சங்கம் கூட்டினர், மனுக் கொடுத்தனர். எங்களிலே சொத்துரிமை உடையவர்கள் நாங்கள், இசையும் ஆடலும் எங்கள் தொழில், எல்லோரையும் ஒரே பெயரால் இழிவு செய்யலாமா என்று கேட்டனர். அந்தக் கேள்வியை அம்மையார் போதுமான அளவு காதில் வாங்கினார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பின்னாளில் சதிர் என்ற பெயர் மாறி, பரதநாட்டியம் என்று பட்டுடுத்தி மேட்டுக்குடியின் மேடை ஏறியது. அதை வாழ வைத்த வீட்டுப் பெண்களிலே பலர் மேடைக்கு வெளியே நின்றனர். கனவான்கள் காப்பாற்றத் துடித்த கலை யாரிடம் போய்ச் சேர்ந்தது பார்த்தீர்களா? அதே ஒடுக்குமுறையை உள்ளிருந்து அனுபவித்து, உதறி எழுந்து, ஊர் ஊராகப் பேசிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அந்த வாழ்வை நாவலாகவே எழுதினார். சட்டமன்றத்திலே ஒருவர், தெருவிலே ஒருவர். இருவரும் சேர்ந்துதான் அந்தக் கோட்டை ஆட்டம் கண்டது.

1930 மே மாதம் காந்தியார் கைதானார். கண்டித்துப் பதவியைத் துறந்தார் முத்துலட்சுமி. தியாகந்தான். ஆனால் மசோதா? கேட்பாரற்றுக் கிடந்தது. இருந்து முடித்துவிட்டு விலகியிருக்கலாகாதா என்று இன்று எண்ணும்போதும் மனம் கேட்கவில்லை. 1937இல் காங்கிரசு அமைச்சரவை வந்தது, இரண்டாண்டு ஆண்டது, போயிற்று, சட்டம் வரவில்லை. 1947இல்தான் வந்தது. இடையிலே பதினேழு ஆண்டுகள்! ஏழு வயதுச் சிறுமி இருபத்து நான்கு வயதுப் பெண்ணாகும் காலம்.

அம்மையார் அதுவரை காத்துக் கிடக்கவில்லை. பொட்டுக் கட்டிய வாழ்விலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். சேர்த்துக் கொள்ள விடுதிகள் மறுத்தன. வேறு யாராவது இருந்தால் ஓர் அறிக்கை விடுத்திருப்பார். இவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. பின்னர் அடையாற்றிலே பள்ளியும் பயிற்சியுமாக விரிந்தது.

தங்கையின் சாவை மறக்கவில்லை என்றேனே? புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கதவு கதவாக ஏறி இறங்கினார். வந்தால் சாகும் நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தது. அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தேழு. மகன் டாக்டர் கிருட்டிணமூர்த்தி பக்கத்தில் நின்றார். 1955இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1956இல் பத்மபூசண் விருது. 1968 சூலை 22இல் மறைந்தார்.

இந்தக் கோட்டைப்பட்டினம் அவர் பிறந்தபோது தஞ்சை மாவட்டத்தின் கடற்கோடி. 1974இல்தான் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்து, இந்தக் கரையும் அந்த ஊரும் ஒரே வீடாயின. ஆகவே அம்மா, உங்கள் கையிலிருந்த தாளிலே நீங்கள் பார்த்தது உங்கள் மாவட்டத்துப் பெண்ணின் பெயர்தான். அடுத்த கூட்டத்துக்கு வருவேன். அந்த இடுப்புக் குழந்தையையும் அழைத்து வாருங்கள். ஆணா பெண்ணா என்று கேட்க மறந்துவிட்டேன்.