வைத்திய குலத்துப் பண்டிதரின் கையில் அறுவைக் கத்தி: மதுசூதன் குப்தாவின் வாழ்க்கை

கொல்கத்தா: எம்.பி.பி.எஸ். படிப்பில் சேரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே உடற்கூறியல் கூடத்துக்குள் நுழைகின்றனர். சடலத்தில் தசையையும் நரம்பையும் குருதிக் குழாயையும் பிரித்தறிந்த பின்னரே அறுவை சிகிச்சைப் பாடம், ஓராண்டு கட்டாயப் பயிற்சி, முதுநிலைப் படிப்பு என அடுத்தடுத்த படிகளை அவர்களால் எட்ட முடிகிறது. இன்று வழக்கமாகிவிட்ட இந்த முதல் படி, 1836-ஆம் ஆண்டில் ஒரு சமஸ்கிருதப் பண்டிதரின் துணிவால் இந்திய மாணவர்களுக்குத் திறந்தது. அவர் பண்டிதர் மதுசூதன் குப்தா.

வங்காளத்தின் ஹூக்ளி பகுதியைச் சேர்ந்த வைத்தியபாட்டியில், பரம்பரையாக ஆயுர்வேதம் பயின்று வந்த குடும்பத்தில் 1800-ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். 1826-இல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் ஆயுர்வேத வகுப்பில் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் அந்த வகுப்புக்கே ஆசிரியராக நியமிக்கப்பட்டார். உடன் படித்தவரிடமே பாடம் கேட்பதா என மாணவர்களிடையே எதிர்ப்பு கிளம்பிய போதிலும் நியமனம் மாறவில்லை.

அறுவை மருத்துவத்தின் பழம்பெரும் நூலான சுஸ்ருத சம்ஹிதையில் அவர் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தார். அவர் பதிப்பித்த அந்நூல் 1835, 1836 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சில் வெளிவந்தது. உடலை ஓடும் நீரில் ஊறவைத்து, தோலை அடுக்கடுக்காக நீக்கி உள்ளுறுப்புகளைக் காணும் முறையை அந்நூல் விவரிக்கிறது. சுரைக்காய், வெள்ளரி, தோல்பை போன்றவற்றில் மாணவன் கீறிப் பழக வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆனால், குப்தாவின் காலத்தில் அந்த விதிகள் ஏட்டளவிலேயே இருந்தன. சடலத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் உயர் சாதியினரிடையே வேரூன்றியிருந்தது. 1822-இல் தொடங்கப்பட்ட உள்நாட்டு மருத்துவப் பள்ளியிலும் ஆடு முதலிய விலங்குகளின் உடல்களைக் கொண்டே பாடம் நடந்தது.

இந்தத் தயக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனிலும் கல்லறைகளிலிருந்து சடலங்கள் திருடப்பட்டன. 1828-இல் எடின்பரோவில், உடல்களை விற்பதற்காகவே கொலைகள் நடந்தது அம்பலமானது. அதன் பின்னர், 1832-இல்தான் அங்கு உடற்கூறியல் சட்டம் இயற்றப்பட்டது.

ஆளுநர் ஜெனரல் வில்லியம் பென்டிங்கின் ஆணையால் 1835-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. உள்நாட்டு மருத்துவப் பள்ளியும் சமஸ்கிருதக் கல்லூரியின் மருத்துவ வகுப்பும் மூடப்பட்டன. குப்தா புதிய கல்லூரிக்கு மாற்றப்பட்டு, பேராசிரியர் ஹென்றி குடீவின் கீழ் பணியமர்த்தப்பட்டார். மனித உடலை அறுத்துப் பயிலாத எவரும் அறுவை மருத்துவராக முடியாது என்பது கல்லூரி நிர்வாகத்தின் நிலைப்பாடு. ஆயினும், கத்தியை முதலில் எடுக்கப்போகும் இந்தியர் யார் என்ற கேள்வி எஞ்சி நின்றது.

1836-இல் அதற்கு விடை கிடைத்தது. அன்றைய காட்சியைக் கல்வியாளர் டிரிங்க்வாட்டர் பெத்யூன் பின்னாளில் விவரித்துள்ளார். சடலம் வைக்கப்பட்டிருந்த புறக்கட்டடத்துக்குள் குடீவைப் பின்தொடர்ந்து, கையில் கத்தியுடன் குப்தா சென்றார். மாணவர்கள் வாயிலில் நெருக்கியடித்து நின்றும், சன்னல் வழியாக எட்டிப் பார்த்தும் அதைக் கண்டனர். அவர் சடலத்தில் ஆழமாகக் கீறியதும், அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை அவர்கள் நெடிதாக விட்டனர். உமாசரண் சேட், துவாரகாநாத் குப்தா, ராஜகிருஷ்ண தே, நவீன்சந்திர மித்ரா ஆகிய நான்கு மாணவர்கள் அவரது வழியில் முன்வந்தவர்களாக நினைவுகூரப்படுகின்றனர். வில்லியம் கோட்டையில் அன்று பீரங்கிகள் முழங்கியதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அன்று உடைந்த தடை மீண்டும் எழவில்லை என்பதைக் கல்லூரியின் பதிவுகள் காட்டுகின்றன. 1837-இல் மாணவர்கள் முன்னிலையில் 60 சடலங்கள் அறுத்து ஆராயப்பட்டன. அடுத்த ஆண்டில் அது 120 ஆக இரட்டித்தது. 1844-இல் எண்ணிக்கை 500-ஐக் கடந்தது. 1845-இல் கல்லூரி மாணவர்கள் நால்வர் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினர்.

குப்தாவுக்கோ ஒரு குறை இருந்தது. மாணவர்கள் தேர்வெழுதிப் பட்டயம் பெற்றனர். அவர்களுக்குக் கற்பித்த அவரிடம் அந்தத் தகுதி இல்லை. பண்டிதர் என்ற பெயரும் ஆசிரியர் என்ற பதவியும் போதும் என அவர் இருந்துவிடவில்லை. 1840-இல், ஏறத்தாழ 40 வயதில், தாம் பணியாற்றிய கல்லூரியின் தேர்வையே எழுதித் தேர்ச்சி பெற்றார். மாணவருக்கு விதித்த நிபந்தனையை ஆசிரியரும் நிறைவேற்றினார்.

புதிய அறிவு ஆங்கிலம் அறிந்தவர்களோடு நின்றுவிடக் கூடாது என்பதிலும் அவர் அக்கறை காட்டினார். ராபர்ட் ஹூப்பரின் ஆங்கில உடற்கூறியல் கையேட்டைச் சமஸ்கிருதத்திலும், லண்டன் மருந்தியல் நூலை வங்க மொழியிலும் பெயர்த்தார். இணையான சொற்களே இல்லாத துறையில், உறுப்புகளுக்குப் பெயர் தேடும் பணியும் அவரையே சேர்ந்தது. 1849-இல் அவரது உருவப்படத்தைப் பெத்யூன் கல்லூரிக்கு வழங்கினார். 1852-இல் தாய்மொழியில் மருத்துவம் பயில்வோருக்கான வங்க வகுப்பு தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பு குப்தாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

நீரிழிவு நோயால் அவதியுற்ற அவர், அதனால் ஏற்பட்ட தொற்று முற்றியதில் 1856-இல் காலமானார். அவர் கற்பித்த கல்லூரி இன்றும் கொல்கத்தாவில் இயங்கி வருகிறது. அங்கு ஆண்டுதோறும் சேரும் புதிய மாணவர்கள் முதலில் நிற்பது, 1836-இல் அவர் நின்றது போலவே, ஒரு சடலத்தின் முன்னால்தான்.