இருளில் விழித்துக்கொள்ளும் எஞ்சின்

ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. சில விநாடிகளுக்குள் கட்டடத்தின் பின்புறம் எண்ணெய் எஞ்சின் ஒன்று தடதடவென்று ஓடத் தொடங்குகிறது. விளக்குகள் மறுபடியும் எரிகின்றன. அந்த எஞ்சினுக்கு வழங்கும் பெயர் ஒரு மனிதருடைய பெயர். அவர்தான் ரூடால்ப் டீசல்.

1858-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் டீசல் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தகப்பனார் தோல் சாமான்கள் செய்து ஜீவனம் நடத்தியவர். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓட நேர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டான்.

பிறகு ம்யூனிக் நகரில் பேராசிரியர் லிண்டேயிடம் படித்தபோது ஓர் உண்மை அவர் மனத்தில் தைத்தது. நீராவி எஞ்சினில் எரியும் நிலக்கரியின் உஷ்ணத்தில் பத்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி முழுவதும் வீண்!

சைக்கிள் பம்பு அடிக்கும்போது அதன் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அப்படியே சிலிண்டருக்குள் காற்றை மிகப் பலமாக அழுத்தினால், அதில் தெளிக்கும் எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்று டீசல் கண்டார். 1893-ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனையில் எஞ்சினில் பொருத்தியிருந்த கருவி வெடித்துச் சிதறியது. அவர் உயிர் தப்பினார். மனந்தளரவில்லை. 1897-ல் அவருடைய எஞ்சின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது.

செல்வம் குவிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. கடன் சூழ்ந்தது. 1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்து செல்லும் கப்பலேறினார். நண்பர்களுடன் உணவருந்திவிட்டுத் தம் அறைக்குச் சென்றவர் மறுநாள் காலையில் கப்பலில் இல்லை. சில நாட்களுக்குப் பின் கடலில் அவர் உடல் தென்பட்டது. தற்கொலையா, விபத்தா? விடை கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 55.

நீராவி எஞ்சின் ஓடவேண்டுமானால் முதலில் கொதிகலனில் நீராவி சேரவேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். டீசல் எஞ்சினோ தொட்டியில் எண்ணெயோடு மாதக்கணக்கில் சும்மா நின்று, கூப்பிட்டவுடன் எழுந்துவிடும். அணுமின் நிலையமும் இதை நம்பித்தான் இருக்கிறது. 2011 மார்ச் 11-ந் தேதி பூகம்பத்தினால் ஜப்பானின் புகுஷிமா நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்தது. டீசல் எஞ்சின்கள் உடனே ஓடி அணு உலைகளைக் குளிர்வித்தன. ஒரு மணி நேரத்துக்குள் கடல் பொங்கி உள்ளே புகுந்தது, எஞ்சின்கள் நின்றன. மூன்று உலைகள் உருகிப்போயின.

ஓடும்போது அந்த எஞ்சினை யாரும் நினைப்பதில்லை. நின்றபோதுதான் அதன் அருமை தெரிகிறது.