குத்தூசி தந்த ஒளி

பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள கூவ்ரே கிராமத்தில், சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் இல்லத்தில் 1809 ஜனவரி 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன.

1819இல் பாரிஸ் பார்வையற்றோர் பாடசாலையில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் எழுத்துக்கள் மேடாகப் பதிக்கப்பட்டிருந்தன. மாணவர் அவற்றைத் தடவி வாசிக்கலாம். தம் கையால் பிரதிசெய்ய இயலாது. சார்ள்ஸ் பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824இல், தம் பதினைந்தாம் வயதில், பிரெயில் புதிய எழுத்தை அமைத்தார். தந்தையின் குத்தூசியை ஒத்த கூர்முனைக் கருவியால் தாளில் புள்ளிகளைக் குத்தி, பார்வையற்றோர் தாமே நூல்களைப் பிரதிசெய்யலாயினர்.

ஆசிரியராகவும் ஆலய ஓர்கன் இசைஞராகவும் பணியாற்றிய அவர், 1852 ஜனவரி 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, காசநோயால் இறைவனடி சேர்ந்தார். அப்பாடசாலை அவரது எழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854இலேயே. அதைக் காண அவர் இருக்கவில்லை.

கொலைக்கருவியான சிலுவையை மீட்பின் அடையாளமாக்கியவர் நம் ஆண்டவர். நம்மைக் காயப்படுத்தியவற்றையும் அவர் கரங்களில் ஒப்படைப்போம். அவை பிறருக்கு ஒளியாகட்டும்.