சாலையோர மரத்தடியில் ஒரு மருத்துவர்

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஆண் மருத்துவரான ஜான் ஸ்கடரை உள்ளே விட மூவருமே மறுத்தார்கள். மருத்துவம் படிக்காத மகள் ஐடாவால் உதவ முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா ஸ்கடரை மருத்துவராக்கிய இரவு என்று இதைச் சொல்வார்கள். ஆனால், அன்று கதவைத் தட்ட சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. சேரிப் பெண்களுக்குப் பிரசவச் சிக்கல் இல்லாமலா இருந்திருக்கும்?

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி, வேலூரில் வீட்டு அறை ஒன்றில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது.

அதோடு நின்றிருந்தால், ஊரில் வசதி உள்ளவர்களுக்கே அது பயன்பட்டிருக்கும். ஒருநாள் கூலி போனால் உலை ஏறாத வீட்டுக்காரர், காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருபது மைல் நடந்து வேலூருக்கு எப்படி வருவார்? எனவே மருத்துவரே புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி, 1909-ல் ஒரு பெஜோ கார். வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண்ணைக் கழுவிக் கட்டுவது, பல் பிடுங்குவது, மருந்து கொடுப்பது எல்லாம் அங்கேயே நடந்தன. ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளிகளும் அங்கே காத்திருந்தார்கள்.

சேரிக்காரர் ஊர்த்தெருவில் நடக்கவே அஞ்சிய காலம் அது. நெடுஞ்சாலை மரத்தடி அப்படியல்ல. மருந்தைப் போலவே, அதைக் கொடுக்கும் இடமும் முக்கியம். இன்று வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கம் மருத்துவ வண்டி வரும்போது அது ஊர் நடுவில் மட்டும் நிற்கிறதா, காலனி முனைக்கும் வருகிறதா? அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது? மாணவர்கள் தங்கள் ஊரில் நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒற்றை மருத்துவரால் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். 1922-ல் முதல் அணியாக 14 பேர் தேறினார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. கல்லூரி. 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். அவர் வண்டி ஓடிய அதே குடியாத்தம் வழியில், கே.வி.குப்பத்தில், 1977-ல் அக்கல்லூரி ஊரக சுகாதார மையம் ஒன்றைத் தொடங்கியது.