கால்களைக் கேட்டவர், கைகளைக் கொடுத்தவர்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு போன் பண்ணியபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியோ, கெமிஸ்ட்ரி லேபில் நாங்கள் உடைத்த பிப்பெட்டுகளைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத நம் செட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனவே, நம் கல்லூரியில் படிக்காத, ஆனால் விழுந்து கிடந்த என் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் டாக்டர் மேரி வர்கீஸ். நான் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் 1986-இல் காலமானார். நான் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே 1989-இல்தான்.

என் தம்பியை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1976–79 பி.காம். ஹாக்கி டீமில் ஃபார்வர்டு. மைதானத்தில் அவன் ஓடுவதைப் பார்க்கவே சாயங்காலம் ஒரு கூட்டம் நிற்கும். 1989-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி.வி. ஆன்டெனாவைத் திருப்பி வைக்க மொட்டை மாடிக்கு ஏறியவன் கால் இடறிக் கீழே விழுந்தான். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கையில் ஒரு குழந்தை.

எங்கள் அம்மா இரவும் பகலும் முழங்காலில் நின்றார்கள். சபையார் வந்தார்கள், ஜெபித்தார்கள். விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பான் என்று சிலர் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் நடக்கவில்லை. நடக்காதது அவனுடைய விசுவாசக் குறைவாலா, எங்களுடையதாலா என்று ஒரு குற்ற உணர்ச்சிதான் வீட்டில் மிச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த மாதங்களில் ஜெபிப்பதையே நிறுத்திவிட்டேன். முதுகில் படுக்கைப் புண் வந்தபிறகுதான் அவனை ரயிலில் படுக்கவைத்துக் காட்பாடிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. பிறகு அவர்களுடைய பாகாயம் வளாகத்தில் இருக்கிற மறுவாழ்வு நிலையம். அங்கே எல்லோரும் அதை ரீஹாப் என்றுதான் சொல்வார்கள்.

போன முதல் வாரத்தில், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஒரு பெரியவர், இந்த இடத்தை ஆரம்பித்த டாக்டரம்மாவே வீல்சேரில் இருந்தவர்தான் என்று சொன்னார். எங்களைத் தேற்றுவதற்காக ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால், முழுக்க உண்மை! டோரத்தி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையை ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ என்ற புத்தகமாக எழுதி, அது 1963-லேயே வெளிவந்திருந்தது. ஒருவரிடம் கடன் வாங்கி இரண்டே ராத்திரியில் படித்து முடித்தேன்.

மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சியில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்க வேலூர் வந்தார். அந்தக் கல்லூரியின் கதை தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சின்ன வைத்தியசாலைதான் வளர்ந்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்றைய சி.எம்.சி. ஆனது. மேரி வர்கீஸ் அங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு, பெண்கள் மருத்துவப் பிரிவில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். அதுதான் அவர் மனதில் வைத்திருந்த பாதை.

1954-இல் இளம் டாக்டர்கள் சிலர் ஒரு ஸ்டேஷன் வேகனில் வெளியூர் கிளம்பினார்கள். வழியில் வண்டி உருண்டது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம், முதுகுத்தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனது. வயது இருபத்தெட்டு. விபத்து நடந்தபோது என் தம்பிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது கை நடுங்கியது.

இன்றைய மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதே அரிது. அடியினால் அல்ல, அதன்பின் வரும் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் உயிர் போகும். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊரில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-இல் தொடங்கிய பிரிவுதான் அந்த நிலைமையை மாற்ற ஆரம்பித்தது. நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு அன்று இல்லை. மேரி வர்கீஸ் டாக்டர். தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். நோயாளிக்கு ஆறுதலாகச் சொல்கிற பொய்யைக்கூட அவரிடம் யாரும் சொல்ல முடியாது.

அவரும் குணமாக வேண்டும் என்றுதான் ஜெபித்தார். கால்களைத்தான் கேட்டார். அவரைப் பெரிய பரிசுத்தவாட்டியாக நினைத்து, முதல் நாளே எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று எண்ணிவிடாதீர்கள். படுத்த படுக்கையாக, அடுத்தவர் தூக்கிப் புரட்டிவிட வேண்டிய நிலையில், மாதக்கணக்கில் கிடந்தார். கேட்டது கிடைக்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். அது நீங்கவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவிலேயே அப்படிப் பதில் கிடைக்காத ஒரு ஜெபம் இருக்கிறது. இதை எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். வேலூரில்தான் அது எனக்கு உறைத்தது.

மேரியின் ஆசிரியரும் அவருக்கு வைத்தியம் பார்த்தவருமான டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாக வளர்ந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று செய்து காட்டியவர். நோய் நரம்பைத் தாக்கினால் கையிலுள்ள சிறு தசைகள் வேலை செய்யாது, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு தசைநாணை எடுத்துத் திருப்பி இணைத்தால், பயிற்சிக்குப் பிறகு அந்தக் கை மறுபடியும் சோறு பிசையும், பேனா பிடிக்கும்.

அந்த ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம்! நோயாளியின் கையைப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜைமேல் நீட்டி வைத்தால் போதும். டாக்டருக்கு வேண்டியது இரண்டு நல்ல கைகளும் கூர்மையான கண்களும்தான். பிராண்டின் ஊக்கத்தால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். கால்களைக் கேட்டவர், மிச்சமிருந்த கைகளைக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தின் பெயரே அதுதான்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் காயம்பட்டுக் காயம்பட்டுச் சிதைகின்றன என்பது பிராண்ட் தன் ஆராய்ச்சியில் வலியுறுத்திய உண்மை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டாலும் அவர்களுக்குச் சுடாது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மேரிக்கும் அதே கதிதான். ஒரே பக்கமாக அதிக நேரம் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும், அவருக்குத் தெரியாது. ஆக, அந்த மேஜையின் இரு பக்கமும் இருந்தவர்கள் ஒரே வகையான துன்பத்தைச் சுமந்தவர்கள். ஊரே ஒதுக்கிவைத்த ஒரு நோயாளி, முகத்தில் தழும்போடு வீல்சேரில் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரைப் பார்க்கும்போது, அங்கே வேறு பிரசங்கம் எதற்கு? உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் ஆணித் தழும்பு இருந்தது என்றுதானே சுவிசேஷம் சொல்கிறது? தழும்பு மறையவில்லை. அதைக் காட்டித்தான் தம்மை அடையாளம் சொன்னார்.

மேரி வர்கீஸ் அத்தோடு நிற்கவில்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போனார். சக்கர நாற்காலியில் இருப்பவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் எவ்வளவு தூரம் வாழ முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். அப்போது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. நான் டாக்டர், எனக்கு இது கிடைத்தது. நம் ஊரில் பனைமரத்திலிருந்து விழுகிறவனுக்கும் கிணற்றில் விழுகிறவனுக்கும் இது எங்கே கிடைக்கும்? உடனே அதையே தன் படிப்பாக எடுத்துக்கொண்டார். நியூயார்க்கில், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக இந்த மருத்துவ முறையை வளர்த்த டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் பயிற்சி பெற்றார்.

திரும்பி வந்து 1963-இல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் வசதியுடன் இந்தியாவில் தொடங்கிய முதல் துறை அது. 1966-இல் அது தனி நிலையமாக விரிந்தது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது முப்பத்திரண்டு வருஷம். அதில் ஒரு நாள்கூட அவர் கால்கள் திரும்ப வரவில்லை.

அந்த நிலையத்தில் என் தம்பிக்கு என்ன நடந்தது? அற்புதம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரண்டு படுக்கக் கற்றுக்கொண்டான். கண்ணாடியை வைத்து முதுகைப் பார்த்து, புண் வருகிறதா என்று கவனிக்கக் கற்றுக்கொண்டான். நாற்காலியில் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கினான். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாகவே மாறினான். ஹாக்கி மட்டை பிடித்த கைகள் ஆயிற்றே, சீக்கிரம் பழகிவிட்டது! சிறுநீர்க் குழாய் வைக்கிற விஷயத்தை அவன் மனைவியும் கற்றுக்கொண்டாள், வெட்கத்தோடு நானும் கற்றுக்கொண்டேன். முதல் தடவை அவனாகவே நாற்காலிக்கு மாறி உட்கார்ந்த அன்று ராத்திரி, அந்த வராந்தாவில் நின்று பல மாதங்களுக்குப் பிறகு ஜெபித்தேன். எதையும் கேட்கத் தோன்றவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தது.

ஊருக்கு வந்து மூன்று சக்கர வண்டியில் கடைத்தெருவுக்குப் போய் எஸ்.டி.டி. பூத் வைத்தான். செல்போன் வந்து பூத் போனதும் செராக்ஸ் மெஷின் வாங்கினான். அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்தான், கல்யாணம் பண்ணிக் கொடுத்தான். இன்றைக்கும் ஆண்டவரோடு அவனுக்குக் கொஞ்சம் வழக்கு பாக்கி இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவான், சில ஞாயிறு வரமாட்டான். நான் வற்புறுத்துவதில்லை. யோபுவும் கடைசிவரை கேள்வி கேட்டவர்தானே!

துன்பம் ஏன் வந்தது என்பதற்கு மேரி வர்கீஸின் வாழ்க்கையில் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் இன்னொன்று கிடைத்தது. போனதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டில், மிச்சம் இருப்பதை எடுத்து ஆண்டவர் கையில் கொடுக்கலாமே என்ற எண்ணம் வந்தது. கிறிஸ்தவ நம்பிக்கை என்பது எனக்கு இன்று அதுதான். வேறு மதத்தைச் சேர்ந்த நண்பர்கள் இதை வேறு வார்த்தையில் சொல்லக்கூடும், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

கடைசியாக ஒரு சமாச்சாரம். இத்தனை வருஷமாக என் தம்பி நம் சந்திப்புகளுக்கு வந்ததே இல்லை. அவனுக்கு மனமில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கூட்டம் நடப்பது மாடி ஹாலில், ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. காரணம் அவ்வளவுதான். அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம், கேட்க எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது. இந்த வருஷம் செயலாளரிடம் சொன்னேன். கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் போட்டுவிட்டார்கள். நம் கூட்டாளிகளில் வேறு யாரெல்லாம் படிக்கட்டுக்குப் பயந்து வராமல் இருக்கிறார்களோ, அவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, முன்வரிசையில் வீல்சேரில் ஒரு நரைத்த தலைக்காரர் இருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள். ஹாக்கி பற்றிக் கேளுங்கள், விடமாட்டார்!

– முன்னாள் மாணவன், பி.எஸ்சி. இயற்பியல், 1971–74