எழுதத் தெரியாமல் எழுத்தாளரானவர்: வை. மு. கோதைநாயகி அம்மாள்

நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து இப்பாடசாலைக்கு வந்த எங்களில் பலருக்கு, கதை முதலில் புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்படி வேலையும் முடித்து, லயத்துக் காம்பராவில் எம்மை மடியில் போட்டுக்கொண்டு அப்பாயியும் அம்மாயியும் சொன்ன கதைகளே எமது முதல் நூலகம். அவர்களில் அநேகர் சம்பள நாளில் கைநாட்டு வைத்தவர்கள். அவர்களுடைய கதைகள் அவர்களுடனேயே போய்விட்டன. இந்த நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றி எழுதக் கேட்டபோது, 115 நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாளின் நினைவு வந்ததற்கு அதுவே காரணம். அவரும் முதலில் கதை சொல்லத் தெரிந்தவராகவும் எழுதத் தெரியாதவராகவும் இருந்தவர்தான்.

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ஆம் திகதி சென்னையை அண்டிய வைணவக் குடும்பமொன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து, உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை. மு. பார்த்தசாரதிக்கு அவரை மணம் முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளையும் சிறுவனே. பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் வயதில் தாலி ஏறியது. புகுந்த வீட்டில் மாமியாரிடம் தெலுங்கு படித்தார், திருவாய்மொழி கற்றார், நல்ல குரல்வளம் இருந்ததால் பாட்டும் வந்தது. ஆனால் நினைத்ததைத் தமிழில் தங்குதடையின்றி எழுதும் பழக்கம் மட்டும் கைகூடவில்லை.

அவரிடம் இருந்தது சொல்லும் திறமை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, கேட்ட கதையோடு தாமே புனைந்த கதையையும் சேர்த்துச் சொல்வார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போனார். பெண்கள் வெளியே புறப்படுவதே பேச்சுக்கு இடமான காலம் அது. மேடையில் பார்த்தவை மனதில் தங்கின. ஒருவர் பேச மற்றவர் மறுத்துப் பேச, கதை தானாக நகர்வதை அங்கே அறிந்துகொண்டார். தாமும் ஒரு நாடகம் செய்யலாம் என்று தோன்றியபோது, கதை முழுவதும் மனதில் தயாராக இருந்தது. அதைத் தாளில் இறக்கக் கை இல்லை.

அந்தக் கையைக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இப்படி உருவான ‘இந்திரமோகனா’ என்னும் நாடகம் 1924இல் அச்சேறியது. பட்டம்மாள் செய்த உதவி அத்தோடு நிற்கவில்லை. தோழிக்குத் தமிழ் எழுதவும் கற்றுக்கொடுத்தார். இருபது வயதைக் கடந்த பின்னர், வீட்டு வேலைகளுக்கு நடுவே, கோதைநாயகி எழுதப் பழகினார்.

அடுத்த ஆண்டே நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற இதழை எடுத்து நடத்தத் தொடங்கினார். அதில் அவருடைய முதல் நாவலான ‘வைதேகி’ தொடராக வந்தது. அவருடைய எழுத்து முறையை இந்த இதழே அமைத்துக் கொடுத்தது எனலாம். தொடர்கதை ஆசிரியருக்கு மனம் கூடும் வரை காத்திருக்க முடியாது; அச்சகம் காத்திராது, வாசகியும் காத்திராள். மாதந்தோறும் அத்தியாயம் தயாராக வேண்டும். வாய்வழியாகக் கதை சொல்லிப் பழகியவர் என்பதால் அவருடைய நாவல்களில் உரையாடலே முன்னிற்கும். கேட்பவர் தூங்கிவிடாதபடி திருப்பங்கள் வரும். பாத்திரங்கள் பேசும் தமிழ் திருவல்லிக்கேணி வீடுகளில் புழங்கிய தமிழ். அவர் எடுத்துக்கொண்ட விடயங்களும் அந்த வீடுகளுக்குள் நடந்தவையே: குழந்தை மணம், வரதட்சணை, இளம் விதவைகளின் நிலை, குடியினால் அழிந்த குடும்பங்கள். துப்பறியும் கதைகளும் எழுதினார்.

இன்று அவற்றைப் படிப்பவருக்குத் தற்செயல் நிகழ்ச்சிகள் அதிகமென்றும், அறிவுரை நீளமென்றும் தோன்றக்கூடும். அது நியாயமான குறையே. ஆனால் அவர் மனதில் கொண்டிருந்த வாசகி, எழுத்துக்கூட்டிப் படிக்க அப்போதுதான் துணிந்த பெண். அடுத்து என்ன நடந்தது என்று அறியும் ஆவலே அவளை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலையை அந்த நாவல்கள் செய்தன.

வாழ்க்கையும் எழுத்தும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை. காந்தியடிகளைக் கண்ட பின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தினார். மேடையேறிப் பேசினார், பாடினார். 1932இல் மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அங்கும் எழுத்து நிற்கவில்லை. ‘உத்தமசீலன்’ சிறையில் எழுதப்பட்ட நாவல். அவர் சிறையில் இருந்த நாட்களில் இதழைக் கணவர் கவனித்துக்கொண்டார். மனைவி எழுதுவதைப் பெருமையாகக் கருதிய அந்தக் கணவர் இல்லாவிடில் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாவல்கள் சில திரைப்படமாகின. ‘அனாதைப் பெண்’ 1938இல் வந்தது. ‘தயாநிதி’ என்ற நாவலே அவர் மறைந்த பின் 1966இல் ‘சித்தி’ என்ற படமாயிற்று. பத்மினி நடித்த அந்தப் படத்தைப் பார்த்து அழுத எங்கள் தாய்மாரில் எத்தனை பேருக்கு, அந்தக் கதையை எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்திருக்கும்?

முடிவுக்காலம் துயரமானது. 1956இல் மகன் ஸ்ரீநிவாசன் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவில்லை. காசநோயும் பிடித்துக்கொள்ள, 1960 பெப்ரவரி 20ஆம் திகதி தாம்பரத்தில் காலமானார். முப்பத்தைந்து ஆண்டுகள் நடந்த ஜகன்மோகினியும் அவருடனேயே ஓய்ந்தது.

இந்த வாழ்க்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பவர் கோதைநாயகி மட்டுமல்லர், பட்டம்மாளுந்தான். எமது தோட்டங்களிலும் பட்டம்மாள்கள் இருந்தோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் சொந்தங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் பாடசாலைக்குப் போன பெண்பிள்ளைகளே. பெரியம்மாவும் சித்தியும் பக்கத்தில் குந்தியிருந்து சொல்ல, நாங்கள் எழுதினோம். ஆனால் அந்தக் கையைப் பிடித்து ‘அ’ எழுதப் பழக்கினோமா? பட்டம்மாள் செய்த இரண்டாவது வேலையை நாங்கள் அநேகமாகச் செய்யவில்லை. அந்தக் கடிதங்களில் எத்தனை ‘வைதேகி’ இருந்தனவோ.

இன்று இப்பாடசாலையின் பழைய மாணவிகள் கொழும்பிலும் சென்னையிலும் கனடாவிலும் இருக்கிறோம். கதை சொல்லத் தெரிந்த முதியவர் ஒருவராவது இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கக்கூடும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு கொப்பியைக் கொண்டு வருவோம். அவர் சொல்ல எழுதுவோம். விரும்பினால் அவருடைய பெயரையாவது அவர் கையாலேயே எழுதப் பழக்குவோம். எங்களைப் படிக்க வைத்த பாடசாலைக்கு இந்த நூறாவது ஆண்டில் நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் அதுவும் ஒன்றாகட்டும்.